கணக்கேட்டைப் படித்தவர் யார்?

கொல்கத்தா உயர் நீதிமன்றத்தை அடுத்துள்ள ஓல்டு போஸ்ட் ஆபீஸ் தெரு வழக்கறிஞர்களின் தெரு. அந்நகரில் 1911இல் தேவி பிரசாத் கேத்தான் ஒரு சட்ட நிறுவனத்தைத் தொடங்கினார். கேத்தான் நிறுவனம் என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. 1947இல் அமைந்த அரசியலமைப்பு வரைவுக் குழுவின் எழுவருள் அவர் ஒருவர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் மற்றொருவர். அப்பணி முடியும் முன்னரே, 1948இல், கேத்தான் காலமானார்.

பழைய சட்ட நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் இவ்வாறே எழுதப்படுகிறது: நிறுவனர், வாரிசுகள், பங்குதாரர்கள், புகழ்பெற்ற வழக்குகள். இவை உண்மைகளே. ஆயினும் இவை கொடிவழியைச் சொல்கின்றனவேயன்றி, அலுவலகத்தில் நடந்த வேலையைச் சொல்வதில்லை.

அவ்வேலையின் பெரும்பகுதி மொழி சார்ந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முதலேற்பு அதிகார வரம்பில், கட்சிக்காரரைச் சந்தித்து ஆவணங்களை ஆயத்தம் செய்பவர் அட்டர்னி. மன்றத்தில் வாதிடுபவர் வேறொருவர். வழக்கறிஞர்கள் சட்டத்திற்கு 1976இல் செய்யப்பட்ட திருத்தம் வரை அட்டர்னி என்பது தனிவகுப்பாகவே நீடித்தது. வங்காளியிலோ இந்தியிலோ மார்வாரியிலோ சொல்லப்பட்ட ஒரு மனக்குறை, ஆங்கிலப் பிரமாண வாக்குமூலமாக உருமாறிய இடம் அந்த அலுவலகமே.

மார்வாரி வணிகர்களின் கணக்கேடுகள் மகாஜனி எழுத்தில் எழுதப்பட்டவை. அதில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் இடப்படுவதில்லை. புள்ளியிடாத தமிழ்ச் சுவடியைப் படித்தவர்களுக்கு அந்த இடர்ப்பாடு எளிதில் விளங்கும். 'காகா அஜ்மீர் போனார்' என்று எழுதியதை 'காகா இன்று இறந்தார்' என்று படித்துக் குடும்பமே அழுததாக ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. வழக்கில் அது வேடிக்கையன்று. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், முறையாகப் பேணப்பட்ட கணக்கேட்டைப் பொருத்தமுடைய சான்றாக ஏற்றது. ஆனால் அதனை மட்டுமே கொண்டு ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தலாகாது என்றும் விதித்தது. அத்தகைய ஏடு சான்றாக வந்தபோது, அதை ஒருவர் படித்துச் சொல்லியாக வேண்டும். அந்தக் குமாஸ்தாவின் பெயர் எந்த ஆண்டுவிழா மலரிலும் இடம்பெறுவது அரிது.

அவரைத் தேடிச் செல்லும் ஆய்வாளரைச் சட்டமே தடுக்கிறது. கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கும் கடமை, வழக்கறிஞர் பணி முடிந்த பின்னும் தொடரும் என்று அதே சாட்சியச் சட்டம் கூறியது. அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. இரண்டும் அதற்குக் கால எல்லை வகுக்கவில்லை.

இக்கடமை இன்றியமையாதது. தம் சொல் வெளியேறாது என்ற உறுதியின்றி எவரும் வழக்கறிஞரிடம் உண்மை பேசார். ஆனால், வழக்கும் முடிந்து, வழக்காடியவர்களும் மறைந்து, நூறாண்டு கடந்த தாளில் எவரது நலனைக் காக்கிறோம்? தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ள, இரகசிய வகையில் சேராத அரசு ஆவணங்கள் 30 ஆண்டுகளுக்குப் பின் ஆய்வாளர்க்குக் கிடைக்க 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் வழி செய்கிறது. அரசுக்கே எல்லை உண்டெனில், தனியார் அலுவலகத்தின் தாள்களுக்கும் நூறாண்டு எல்லை வகுப்பது மிகையன்று. நாடாளுமன்றம் அதைச் செய்யும்வரை, நிறுவனங்கள் தம் பழைய ஊதியப் பதிவேடுகளையேனும் திறக்கலாம். அவற்றில் கட்சிக்காரரின் இரகசியம் இல்லை; கணக்கேட்டைப் படித்துச் சொன்னவர்களின் பெயர்கள் இருக்கக்கூடும்.