போனுக்குள் இருந்தால் பணம் பத்திரமா?

"காசெல்லாம் எதுக்குக்கா? எல்லாம் ஜிபேல கிடக்கு. களவாணிப்பய கையில மாட்டுனாக்கூட ஒரு பைசா எடுக்க முடியாது."

போன வாரம் சோழபுரம் பஸ் ஸ்டாப்பில் ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னது இது. மகள் முதல் தடவையாகத் தனியாகச் சென்னைக்குப் போகிறாள், ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. ராஜபாளையம் போய்ப் பொதிகை எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். தோளில் பேக், ஒரு கையில் டிபன் பாக்ஸ் வைத்த கட்டைப்பை, இன்னொரு கையில் போன். "செலவுக்கு என்ன வச்சிருக்க தாயி?" என்று கேட்டேன். பர்ஸைத் திறந்து காட்டினாள். ஒரு ஐம்பது ரூபாய்த் தாள், இரண்டு பத்து. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது என்பதால் அந்த எழுபது ரூபாயும் உடையாமல் சென்னை வரை போகும். அறுநூறு கிலோமீட்டருக்கு எழுபது ரூபாய். பெற்ற தகப்பனுக்கு அதில் பெருமை வேறு.

எனக்கு வந்த ஆத்திரத்தை அந்த இடத்தில் காட்ட முடியவில்லை, பெண் கிளம்புகிற நேரம். இங்கே காட்டுகிறேன்.

நோட்டாக வைத்திருந்தால் ஜேப்படிக்காரன் அடிப்பான், போனில் இருந்தால் பத்திரம் என்று இன்றைக்கு ஊரே நம்புகிறது. படித்தவர், படிக்காதவர் வித்தியாசமில்லை. யுபிஐ வந்தது 2016 ஏப்ரலில். அதே வருஷம் நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். அதற்குப் பிறகு கையில் காசு வைத்திருப்பவர் பழங்காலத்து ஆள் ஆகிவிட்டார். டீக்கடைக்கும் பூக்காரம்மாவுக்கும் போனில் கொடுக்கிறோம், நல்ல வசதிதான். ஆனால் வசதி வேறு, பத்திரம் வேறு. தனியாக வெளியூர் போகிறவருக்கு அந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

ஸ்ரீவைகுண்டத்தை அதற்குள் மறந்துவிட்டார்களா? 2023 டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனோடு நின்றுபோனது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியதும் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியில் ஏறக்குறைய 800 பேர். கொஞ்சம் பேரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மிச்சப் பேர் ஸ்டேஷனிலேயே கிடந்தார்கள். சுற்றிலும் தண்ணீர். கரண்ட் இல்லை, டவர் இல்லை. எல்லோரையும் மீட்டு வாஞ்சி மணியாச்சிக்குக் கொண்டுவந்து ஸ்பெஷல் ரயிலில் ஏற்ற 19-ஆம் தேதி ஆகிவிட்டது. அவர்களுடைய பணம் பேங்கில் பத்திரமாகத்தான் இருந்திருக்கும். சார்ஜ் இறங்கிப்போன போனை வைத்துக்கொண்டு அந்தப் பணத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்க முடியுமா? அந்த மழையில் அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள். அவர்கள் காசு கேட்கவில்லை. அந்த மக்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் நம் பிள்ளை மாட்டிக்கொள்ளும் இடத்திலெல்லாம் ஒரு புதுக்குடி இருக்கும் என்று எந்தத் தகப்பன் உத்தரவாதம் கொடுப்பான்?

"அது வெள்ளம், எப்பவோ ஒரு தடவை வர்றது" என்பார்கள். எப்பவோ ஒரு தடவையா? ஸ்ரீவைகுண்டத்துக்கு இரண்டே வாரம் முன்னால் மிக்ஜாம் புயலில் சென்னையே கரண்டும் சிக்னலும் இல்லாமல் தவித்தது. 2015 டிசம்பரில் அதே சென்னையில் அதே கதை. சரி, மழையே வேண்டாம். 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 இரண்டு நாளும் தேசம் முழுக்க யுபிஐ படுத்தது. மழையும் இல்லை, புயலும் இல்லை. சாப்பிட்டுவிட்டுக் கல்லாவுக்கு எதிரில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜனம் நின்றது. உள்ளூர்க்காரர் என்றால் "நாளைக்குத் தாங்கண்ணே" என்று கடைக்காரர் விட்டுவிடுவார். முகம் தெரியாத ஊரில் தனியாக நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணை யார் விடுவார்கள்?

எல்லோரும் கோட்டை விடுவது இந்தத் தனியாக என்பதைத்தான். நாலு பேராகப் போனால் ஒரு போன் போனாலும் மூன்று போன் மிச்சம். ஒருவர் கணக்கு திறக்காவிட்டால் இன்னொருவர் கொடுப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்த ஒரு போன்தான் பர்ஸ், ரயில் டிக்கெட், ஆதார், வழி சொல்லும் ஆள், அப்பா அம்மா எல்லாம். வீட்டுச் சாவி, பீரோ சாவி, லாக்கர் சாவி மூன்றையும் ஒரே கொத்தில் கோத்து வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்பவரை என்ன சொல்வது? இதில் பேட்டரி என்று ஒன்று இருக்கிறது. ராத்திரி நேரத்தில் பெட்டியில் சார்ஜ் பாயிண்டை அணைத்து வைக்கும் வழக்கம் ரயில்வேயில் உண்டு. பல பெட்டிகளில் பகலிலேயே அது வேலை செய்வதில்லை.

களவாணியைப் பற்றியும் பேசுவோம், அவனை நினைத்துத்தானே இந்தப் பயமெல்லாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்தில் போய் நின்று பாருங்கள். வடம் பிடிக்கும் கூட்டத்தில் எத்தனை கை போனை மேலே தூக்கிப் படம் பிடிக்கிறது! பறிக்கிறவனுக்கு வேண்டியது கண்ணுக்கு எதிரே ஆடிக்கொண்டிருக்கிறது. அதே கூட்டத்தில் எழுபது வயதுக் கிழவி ஒருத்தி நிற்பாள், அவளிடம் இருக்கும் ஆயிரம் ரூபாய் எங்கே இருக்கிறது என்று எவனாலும் சொல்ல முடியாது.

என் பெரியம்மா ராமேஸ்வரத்துக்கும் பழனிக்கும் துணையில்லாமல் போய்வந்தவள். அவள் காசு வைக்கும் முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சுருக்குப்பையில் வெற்றிலை பாக்கோடு சில்லறை, கேட்பவர் எதிரில் தைரியமாகத் திறக்கலாம். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ளது முந்தானை முடிச்சில். மூன்றாவது, ஊர் திரும்பும் காசு. அதை ஒரு வெள்ளைத் துணியில் நாலாக மடித்துச் சுற்றி, ரவிக்கைக்கு உள்பக்கம் தைத்த சிறு பையில் வைத்து, வாயில் ஊக்குக் குத்திவிடுவாள். குளிக்கப் போனால் துணியோடு கையில் போகும். தீர்த்தம், தட்சிணை, பேரப்பிள்ளைக்குப் பொம்மை எது வந்தாலும் அந்தக் காசைத் தொட மாட்டாள். மூன்றில் ஒன்று போனாலும் இரண்டு இருக்கும், இரண்டு போனாலும் வீடு வந்து சேரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குத் தெரிந்திருந்த இந்தக் கணக்கு பட்டம் வாங்கிய நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஆண்களுக்கும் பட்டாபட்டி டிராயரில் உள்பாக்கெட் வைத்துத் தைத்தது அழகுக்காக அல்ல. பருத்தியும் மிளகாய் வற்றலும் விற்ற காசோடு ராத்திரி பஸ்ஸில் ஊர் திரும்பியவர்கள் அவர்கள்.

இப்போது போன் தொலைகிறது என்று வையுங்கள். சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிட்டுச் சொல் என்கிறார்கள். எந்தப் போனில் கூப்பிடுவது? முன்பின் தெரியாதவரிடம் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினால் அம்மாவின் நம்பராவது மனப்பாடமாகத் தெரியுமா? அலைந்து திரிந்து டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டாலும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. சிம்மை மாற்றி மோசடி செய்கிறார்கள் என்பதற்காக அரசே வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஓடிபி இல்லாமல் கணக்கைத் திறப்பது எப்படி? அந்த 24 மணி நேரம் அந்தப் பெண் எதைச் சாப்பிடுவாள், எங்கே படுப்பாள்? ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட சுற்றறிக்கை ஒன்று உண்டு. வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தப்பில்லாமல் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நஷ்டம் உன்னுடையது இல்லை என்கிறது. அதே சுற்றறிக்கையில், உன் கவனக்குறைவால் போனது என்றால் நீ தகவல் சொல்லும் வரைக்கும் போனதெல்லாம் உன் தலையில்தான். தோளுக்குப் பின்னால் நின்று பின் நம்பரைப் பார்த்துக்கொண்டு போனைப் பறித்தவன் விஷயத்தில் கவனக்குறைவு யாருடையது என்று கவுண்டரில் நின்று வாதாடிப் பாருங்கள். யுபிஐ லைட்டுக்குப் பின் நம்பரே வேண்டாம், ஒரு தடவைக்கு ஆயிரம் வரை போகும், அதில் ஐயாயிரம் வரை போட்டு வைக்கலாம். பூட்டுத் திறந்திருக்கும்போது பறித்தால் அவ்வளவும் அவனுக்கு. ஒரு பைசா எடுக்க முடியாது என்று சொன்ன தகப்பனார் இதையெல்லாம் விசாரித்துவிட்டா சொன்னார்?

பத்திரம் பத்திரம் என்கிற பேச்சுக்கு அடியில் இன்னொன்றும் ஓடுகிறது. பெண்பிள்ளை கையில் காசு கொடுக்கக் கூடாது என்ற பழைய எண்ணம்தான் அது. போனில் போட்டால் எங்கே காபி குடித்தாள், யாருக்கு ஆட்டோ காசு கொடுத்தாள் என்று அப்பா கணக்குப் பார்க்கலாம். பல வீடுகளில் பெண்ணின் பேங்க் கணக்கு தகப்பன் நம்பரிலோ அண்ணன் நம்பரிலோதான் இருக்கிறது. அடுப்படியில் மிளகு டப்பாவுக்கும் அரிசிப் பானைக்கும் அடியில் பெண்கள் சேர்த்த சிறுவாட்டுக் காசுதான் எத்தனையோ குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது. 2016 நவம்பரில் அதை அத்தனை பேர் எதிரில் எடுத்து வெளியே போட வைத்தார்கள், பெண்டாட்டி இவ்வளவு ஒளித்து வைத்திருந்தாளா என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் வருகிறது. எத்தனை வீட்டில் அந்த ஏடிஎம் கார்டு பெண்ணின் கையில் இருக்கிறது? கார்டு வீட்டுக்காரர் சட்டைப் பையில், பின் நம்பர் மகன் மனதில். இதற்கும் பத்திரம் என்றுதான் பெயர் சொல்கிறார்கள். தனியாக ஊருக்குப் போகிறவளிடம் அவள் இஷ்டத்துக்குச் செலவழிக்க, யாருக்கும் கணக்குச் சொல்லாத காசு இருக்க வேண்டும். பக்கத்து சீட்டில் இருப்பவன் தொந்தரவு செய்தால் இடையிலேயே இறங்கி வேறு வண்டி பிடிக்கவும், தங்கப் போன இடம் சரியில்லை என்றால் ராத்திரியே வெளியேறவும் அந்தக் காசுதான் தைரியம் கொடுக்கும்.

கடைக்காரர்களையும் விடுவதற்கில்லை. நூறு ரூபாயை நீட்டினால் "சில்லறை இல்லை, ஸ்கேன் பண்ணுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போனே இல்லாதவர் நாட்டில் சாப்பிடக் கூடாதா? சதுரகிரி மலைக்குப் போகிறவர்கள் அடிவாரத் தாணிப்பாறையில் ஏறத் தொடங்கினால் மேலே சிக்னலை நம்ப முடியாது, நோட்டுதான் பேசும். நம் மலையடிவாரத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை. அமாவாசைக்கு மலையேறும்போது மடியில் காசு முடிந்துகொண்டு போகிற அதே ஆள்தான் மகளை எழுபது ரூபாயோடு சென்னைக்கு அனுப்புகிறார்.

வயசுப்பிள்ளை ரவிக்கையில் ஊக்குக் குத்திக்கொண்டா போகும் என்று கேட்காதீர்கள். சுடிதார் பேண்ட்டில் இடுப்புப் பட்டிக்கு உள்பக்கம் ஒரு சின்னப் பை தைத்துத் தரச் சொன்னால் ராஜபாளையத்தில் எந்த டெய்லரும் பத்து நிமிஷத்தில் தைத்துத் தருவார். அதில் ஊர் திரும்பும் காசு, டிக்கெட் விலைக்கு மேல் ஒரு ராத்திரி தங்கும் செலவோடு. அன்றாடச் செலவுக்குப் பர்ஸில் கொஞ்சம். பேக்குக்கு அடியில் துணிகளுக்கு நடுவே இன்னும் கொஞ்சம், கூடவே நாலு போன் நம்பர் எழுதிய காகிதம். ஏடிஎம் கார்டு போன் கவருக்குள் இருக்கக் கூடாது. போனும் கார்டும் ஒன்றாகப் போனால் இரண்டு வைத்திருந்து என்ன பயன்? ஜிபேயும் இருக்கட்டும், அது போகிற வழியில் காபி குடிக்க. ஸ்ரீவைகுண்டத்தில் வண்டி நின்றால் கை கொடுப்பது இடுப்பில் இருப்பது.

எல்லாம் நூறாகவும் ஐம்பதாகவும் இருக்க வேண்டும். விடியற்காலையில் தாம்பரத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் ஐந்நூறை நீட்டினால் மிச்சம் வராது. ஏடிஎம்மில் ஐந்நூறுதான் வருகிறது என்று இனிமேல் யாரும் சாக்குச் சொல்ல முடியாது. நூறோ இருநூறோ வர வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டு, 2026 மார்ச்சுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறு ஏடிஎம்மில் அது நடக்க வேண்டும் என்று கெடுவும் வைத்தது. வராவிட்டால் பேங்க் கவுண்டருக்குப் போய்க் கேளுங்கள். சில்லறை நோட்டும் நாணயமும் கொடுப்பது அவர்கள் வேலை. மகள் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தத் தகப்பனார் செய்திருக்க வேண்டியது அதுதான்.