சிலுவைக் கற்களும் தமிழாய்வின் பாராமுகமும்

பரங்கிமலைத் தேவாலயத்தின் பலிபீடச் சுவரில் பதிந்துள்ள சிலுவைக் கல்லைப் பற்றிக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை படித்தேன். “தமிழெழுத்து ஒன்றுகூட இல்லாத கல்லுக்குத் தமிழ்த்துறையில் என்ன வேலை?” என மூத்த பேராசிரியர் ஒருவர் வினவினார், அவை சிரித்தது. அன்று கூற இயலாத விடையை ஈண்டுக் கூறுகிறேன்.

1547இல் போர்த்துகீசியர் அடித்தளம் தோண்டியபோது கிடைத்த கல் அது. விளிம்பில் ஓடும் எழுத்து இன்னதென அறியாத அவர்கள் அந்தணர் ஒருவரை அழைத்துப் படிக்கச் செய்தனர். தோமையாரின் வருகை முதல் சாவு வரை நீண்டதொரு வரலாற்றையே அவர் அதில் ‘படித்தார்’! கேட்டோர் விரும்பியது கல்லின்மேல் ஏறிற்று. அவ்வெழுத்துப் பஹ்லவி என 1873இல் பர்னெல் எடுத்துக்காட்டினார். இருப்பதோ ஒரு சிறு வரி. இரக்கம் வேண்டும் மன்றாட்டு என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் வாசிப்பு. சொற்பிரிப்பில் கருத்து வேறுபாடு உண்டு. காலத்தையும் 6 முதல் 9ஆம் நூற்றாண்டு வரை பலவாறு கணிப்பர். ஆயினும் தோமையார் வரலாறு அதில் இல்லை. இன்றும் அதனைத் ‘தோமையார் தம் கையால் செதுக்கியது’ என எழுதுவோர், பர்னெலை விடுத்து அவ்வந்தணரிடமே பாடம் கேட்கின்றனர்.

மறுபுறம், மகரங்களைக் கண்டதும் ‘இது கோயிற்கல்’ என்பாரும் உளர். அவர்கள் கல்லை நின்று நோக்கியதில்லை போலும். தூண்களின் மேலமர்ந்த மகரங்களின் வாயினின்று வளைவு எழுகின்றது. அதனுள் சிலுவை, அதன்மேல் இறங்கும் புறா, அடியில் விரியும் இலைகள். எழுத்தும் அவ்வளைவைத் தழுவியே செல்கின்றது. பழங்கல்லில் பின்னர்ச் சிலுவை வெட்டியிருப்பின் இவ்வொருமை எங்ஙனம் வாய்க்கும்? எழுத்து ஈரானியம், தோரணம் தென்னகத்தது. கோட்டயம் வலியபள்ளியில் உள்ள கற்களும் இவ்வினத்தனவே.

இனி வினாவுக்கு வருவோம். கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அய்யனடிகள் அளித்த செப்பேட்டின் மொழி தமிழா, பழைய மலையாளமா என வழக்காடுகிறோம். அதன் சாட்சிகளோ பஹ்லவி, அரபு, எபிரேய எழுத்துகளில் ஒப்பமிட்டுள்ளனர். வட்டெழுத்துப் பகுதி நமக்கு உரியது, ஒப்பங்கள் பிறர்க்கு உரியன எனப் பிரித்துக்கொண்டால், தமிழில் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தம் யாருடன் செய்யப்பட்டது என்பதையே அறியாமற் போவோம். அச்சாட்சிகளின் எழுத்தே பரங்கிமலைக் கல்லிலும் உள்ளது. கல்வெட்டியல் தாளில் செப்பேட்டுக்கு அருகில் அக்கல்லின் படியையும் வைத்துப் பயிற்றுக. பஹ்லவி கற்ற ஒருவரை அவ்வகுப்பிற்கு அழைக்க.