ஃபைலை எடைக்குப் போடாதீங்க!

"அஞ்சு வருஷம் ஆயிடுச்சு, இனிமே இந்தப் பக்கமே வர வேண்டாம்." லிம்ஃபோமாவுல பிழைச்சவங்ககிட்ட சில டாக்டருங்க சொல்ற இந்த வசனத்து மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். இன்னிக்குக் கொட்டிடறேன்.

கட்டி போனது நல்ல சேதிதான். கட்டியைக் கரைச்ச மருந்து எலும்பு மஜ்ஜையில என்ன பண்ணிச்சுன்னு யாருங்க சொல்றது? சைக்ளோபாஸ்பமைடு மாதிரி மருந்து புற்று செல்லை மட்டும் பார்த்து அடிக்காது. மஜ்ஜையோட மூல செல்லும் அடி வாங்கும். அதனால சிலருக்கு 5-லிருந்து 10 வருஷம் கழிச்சு எம்டிஎஸ், அப்புறம் லுகேமியா. எடோபோசைடு வகையறான்னா 1-லிருந்து 3 வருஷத்துலயே வரலாம்.

இது புதுக் கதையும் இல்லை. 1960களில் முற்றிய ஹாட்ஜ்கின் நோயையே குணமாக்கிக் காட்டின 'மாப்' கூட்டு மருந்து, பின்னாடி சிலருக்கு லுகேமியாவைக் கொடுத்துச்சு. மிலன் டாக்டர் போனடோனா 1970களில் கொண்டுவந்த ஏபிவிடி-யில அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. இதெல்லாம் பிழைச்சவங்களை வருஷக்கணக்கா விடாம கவனிச்சதாலதான் தெரிஞ்சது. கார்-டி சிகிச்சைக்கு இந்தியாவுல 2023-ல அனுமதி வந்தாச்சு. 2024 ஜனவரியில அமெரிக்க எஃப்டிஏ அந்த வகை சிகிச்சைக்கே ரத்தப் புற்று எச்சரிக்கை போடச் சொல்லி, ஆயுசு முழுக்கக் கண்காணிக்கணும்னுது.

நம்ம நிலைமை? சென்னையில கீமோ, புனேயில வேலை, அடுத்து குர்காவ் டிரான்ஸ்ஃபர். என் சித்தப்பா பையனுக்கு ரத்த அணு மூணு வகையும் குறைஞ்சப்போ, ஆறு மாசம் பி12 ஊசி போட்டாங்க. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில 'ஆறு சைக்கிள் முடிந்தது'ன்னு ஒரே வரி. என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு? மூச்! மஜ்ஜை டெஸ்ட் எடுத்தப்போ லுகேமியாவே ஆயிடுச்சு.

"ஏன்யா பயமுறுத்தற?"ன்னு கேக்காதீங்க. கீமோ வேண்டாம்னு நான் சொல்லலை. இந்த ரெண்டாவது புற்று வர்றது சிலருக்குத்தான். வேகமா வளர்ற லிம்ஃபோமாவை விட்டுவெச்சா அதுவே ஆளை முடிச்சிடும்.

ஆஸ்பத்திரிக்காரங்களே, மருந்துப் பேர், மொத்த டோஸ், கதிர்வீச்சு எங்கே எவ்வளவு, எத்தனை மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் பார்க்கணும்... ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. லட்சக்கணக்குல பில் போடத் தெரியுதுல்ல?

மக்களே, வீடு மாத்தறப்போ அந்த ஃபைலைப் பழைய பேப்பரோட தள்ளிடாதீங்க. பொண்ணு கல்யாணம் தட்டிப்போயிடும்னு மூடியும் வைக்காதீங்க. புது ஊர் டாக்டர்கிட்ட முதல் வார்த்தையே "எனக்கு கீமோ ஆகியிருக்கு"ன்னு இருக்கட்டும். காரணம் தெரியாத சோர்வு, ரத்தசோகைன்னா, "மஜ்ஜையைப் பார்க்கணுமா டாக்டர்?"னு வாயைத் திறந்து கேளுங்க.