கழனியில் ஒரு வீடு



வீட்டுக்கடன் மனுக்களைப் பிரித்து, எந்தக் காகிதம் இருக்கிறது எது இல்லை என்று குறிப்பு எழுதி மேலே அனுப்புவது வங்கியில் என் வேலை. தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, ஒப்புதல் வாங்கிய வரைபடம். ஒன்று குறைந்தாலும் மனு திரும்பும். போன வருஷம் பக்கத்துக் கிராமத்துச் சேரியிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பட்டா நிபந்தனைப் பட்டா. 'அடமானத்துக்கு ஏற்றதல்ல' என்று என் கையெழுத்தில் எழுதித் திருப்பி அனுப்பினேன். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து ஒரு கவிதையைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேரியைப் பற்றிய கவிதைதான்.

இந்த வருஷம் அதே மாதிரி ஒரு மஞ்சப்பையோடு என் அப்பா வந்து நிற்கிறார்.

செங்கல்பட்டுப் பக்கம் எங்களுக்கு 72 சென்ட் மேட்டுக்கழனி இருக்கிறது. கொள்ளுத்தாத்தா காலத்து நிலம். கிராமத்து 'அ' பதிவேட்டில் எங்கள் சர்வே எண்ணுக்கு நேராக 'டி.சி.' என்று இரண்டே எழுத்து. பஞ்சமி நிலம். அப்பாவுக்கு ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. கிணற்றடியில் இரண்டு அறை, ஒரு திண்ணை, மாட்டுக்கு ஒரு கொட்டகை. சேரி நத்தத்தில் எங்களுக்கு இருப்பது இரண்டே கால் சென்ட். அதில் அப்பா, சித்தப்பா, செத்துப்போன பெரியப்பாவின் பிள்ளைகள் என்று மூன்று அடுப்பு. ராத்திரி கரன்ட் வரும்போது மோட்டார் போட ஒரு மைல் நடக்கிறார், அறுபத்தெட்டு வயசில். "பயிர் அங்க, நான் இங்கயா? அவனவன் கழனில மாடி வெச்சிக் கட்டிக்கினு கீறான்" என்பார். உண்மைதான். எங்கள் கழனிக்கு மேற்கே ஊர்க்காரர் ஒருவரின் மோட்டார் கொட்டகை பத்து வருஷத்தில் ஹால், அடுப்படி, மேல்மாடி எல்லாம் வைத்து வளர்ந்து நிற்கிறது. மோட்டார் கொட்டகைக்கு மாடிப்படி எதற்கு என்று எந்த ஆபீசிலும் கேட்டதாகத் தெரியவில்லை.

நாங்கள் கேட்டுவிட்டுக் கட்டலாம் என்று போனோம். அதுதான் தப்பு என்கிறார் சித்தப்பா.

பஞ்சாயத்துத் தலைவர் வி.ஏ.ஓ.விடம் அனுப்பினார். வி.ஏ.ஓ., இது சாகுபடிக்குக் கொடுத்த நிலம், தாசில்தார்தான் சொல்லணும் என்றார். தாலுகா ஆபீசில் ஆர்.டி.ஓ.வைப் பாருங்கள் என்றார்கள். ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில், இலவச மனைப் பட்டாவுக்கென்றால் மனு கொடுங்க, ஆனா உங்க பேர்லதான் நிலம் இருக்கே, எப்படிக் கிடைக்கும் என்றார்கள். நிலம் இருப்பதால் மனை இல்லை. பஞ்சமி நிலம் என்பதால் அதில் வீடும் இல்லை. 2024 ஜூலையில் 2500 சதுர அடி வரை மனை உள்ளவர்கள் தாங்களே சான்று கொடுத்து இணையத்தில் உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு திட்டம் கொண்டு வந்ததே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எங்களிடம் இருப்பது மனை இல்லை, கழனி.

"வீடு கட்டக்கூடாதுன்னு எந்த நிபந்தனையில சார் எழுதியிருக்கு? அந்தத் தாளைக் காட்டுங்க" என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டேன். இதுவரை யாரும் காட்டவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். மகன் வயசுள்ள எழுத்தர் அப்பாவை "இன்னாப்பா, நீ அந்தப் பக்கம் போய் நில்லு" என்றார். பின்னாலேயே போன என்னை, பேங்க் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றார். நான் உட்காரவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. உட்கார்ந்தேன்.

இதெல்லாம் பகல் நேரத்து அனுமதி. அடுத்த ஞாயிறு சாயங்காலம் தலைவரின் பங்காளி ஒருவர் சேரி முனையில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். "காலனியில எவ்ளோ ஒசரம் வேணா கட்டிக்க, யாரு கேக்கப்போறா. அந்தாண்ட வேணாம். கோயில் வழி. ஊருக்குள்ள பேச்சு வரும்." எல்லா மேசைகளிலும் எங்கள் மனு தள்ளிப் போனதன் காரணம் அந்த ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

இது இன்றைக்கு ஆரம்பித்த கதை இல்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், நிலத்தோடு குடியிருப்பையும் சேர்த்தே பேசினார். அன்று சேரி நின்ற மண்ணும் மிராசுதாருக்குச் சொந்தம் என்றே சொல்லப்பட்டது. ஒரு பண்ணையாள் தரிசு நிலம் கேட்டு மனு போட்டால், அவன் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்ல மிராசுதாரால் முடிந்தது. நிலம் கேட்டால் வீடு போகும் என்ற பயமே நிலம் கேட்காமலிருக்கப் போதுமானதாக இருந்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892 செப்டம்பர் 30 அன்று 1010ஆம் எண் அரசாணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே கைமாற்றலாம் என்று நிபந்தனை போட்டார்கள். நம்மைக் காப்பாற்றப் போட்ட வேலி அது.

வேலி என்ன ஆனது? 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகிற அந்த நிலத்தில் இன்று யார் யார் இருக்கிறார்கள் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அப்பா அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். செருப்பு ஒன்று அங்கேயே விட்டுப்போனதை மட்டும் சொல்வார்.

நான் சொல்ல வருவது இதுதான். பஞ்சமி நிலம் பெரும்பாலும் ஒரே நாளில் பறிபோகவில்லை. ராத்திரி அங்கே ஆள் இல்லை, அதனால் போனது. வரப்பை வருஷத்துக்கு ஒரு முழம் வெட்டினார்கள். கைமாற்று வாங்கிய காசுக்கு ஒரு கைநாட்டு, பிறகு 'நான்தானே உழுகிறேன்' என்று அனுபவப் பாத்தியதை. நிலத்துக்காரன் ஒரு மைல் தள்ளிச் சேரியில் தூங்கிக்கொண்டிருந்தான். கழனியில் ஒரு வீடு, ஒரு விளக்கு, ஒரு நாய் இருந்திருந்தால் பாதி நிலம் மிஞ்சியிருக்கும். ஊருக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். காலனியில் எத்தனை மாடி வேண்டுமானாலும் கட்டு என்று அவர்கள் தாராளமாகச் சொல்வதும், 72 சென்டில் இரண்டு அறைக்கு முகம் சுளிப்பதும் அதனால்தான். தஞ்சைப் பண்ணைகளில் குடியிருந்த மனையை விவசாயத் தொழிலாளிக்குச் சொந்தமாக்க 1971இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டு மூன்று வருஷம் கழித்து. அங்கே குடிசை இருந்தது, மண் சொந்தமில்லை. இங்கே மண் இருக்கிறது, குடிசை போட முடியவில்லை.

நம் தோழர்களிலேயே சிலர், நிபந்தனையை எடுத்துவிட்டால் பேங்க் கடன் கிடைக்கும், வீடும் கட்டலாம் என்கிறார்கள். படித்த பிள்ளைகள்தான் அதிகம் சொல்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. அடமானம் வைத்த நிலம் ஏலத்துக்குப் போகும் நோட்டீசையும் நான்தான் தட்டச்சு செய்கிறேன். நிபந்தனை போன அன்றைக்கே புரோக்கர் வந்து நிற்பான். நிபந்தனை இருக்கட்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டைக் கேட்போம். பஞ்சமி நிலத்தில் அந்த நிலத்துக்காரரே தன் குடும்பத்துக்கு வீடு கட்டிக்கொள்ளலாம், அதனால் பட்டா ரத்தாகாது என்று வெளிப்படையாக ஓர் அரசாணை. அடுத்தது, நிலத்தை அடமானம் கேட்காத வீட்டுக்கடன். அதற்கு தாட்கோ பொறுப்பேற்கட்டும். 1974இல் தொடங்கிய அந்தக் கழகத்தின் முழுப்பெயரில் 'வீட்டு வசதி' என்ற சொல் இன்னும் இருக்கிறது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பொங்கல் லீவில் ஊருக்குப் போகும்போது உங்கள் கிராமத்து 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். 'டி.சி.' என்றிருக்கும் சர்வே எண்களை நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் இப்போது என்ன கட்டிடம் நிற்கிறது, அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்று நேரில் பார்த்து எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து கிராமம் கிராமமாக வெளியிடுகிறோம். போன வருஷம் நான் திருப்பி அனுப்பியவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். அவர் நிலத்தின் எண்தான் முதலில் வரப்போகிறது. திட்டினார், பிறகு மோர் கொடுத்தார்.

அப்பாவின் மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. அவர் ஒரு டிராக்டர் கருங்கல் இறக்கிவிட்டார். தை பிறந்ததும் முதல் ஞாயிறு கடக்கால் தோண்ட ஆள் சொல்லியாகிவிட்டது. வரக்கூடிய தோழர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள். கோயில் வழியாகவே வரலாம். மத்தியானம் சாப்பாடு கழனியில்.