காணாமற்போன நூலகம்

2015-இல் ஃபோர்ட்ரான் மொழியில் நான் எழுதித் தொகுத்த ஊசல் கணக்குப் புரோகிராம் ஒன்றை, எங்கள் ஆய்வகத்துக்கு வந்த புதிய லினக்ஸ் கணிப்பொறியில் சென்ற மாதம் ஓட்டினோம். ஓடவில்லை. ‘லிப்ஜிஃபோர்ட்ரான்.எஸ்ஓ.3’ என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்பே இல்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. “இணையத்தில் தேடி இறக்கிப் போட்டுவிடலாம், சார்” என்றார் ஒரு மாணவர். நீங்களும் இதைச் செய்திருக்கலாம். இது ஆபத்தான பழக்கம் என்பது என் கருத்து.

ஏன் என்று பாருங்கள். ஆய்வகத்தில் ஆளுக்கொரு தராசு கிடையாது. ஒன்றையே எல்லோரும் பயன்படுத்துகிறோம். அதுபோலவே, எண்ணை அச்சிடுவது போன்ற பொது வேலைகளுக்கான கட்டளைகள் தனிக் கோப்புகளில் இருக்கின்றன. இவையே பகிர்வு நூலகங்கள். புரோகிராமில் அவற்றின் பெயர் மட்டும் இருக்கும். ஓடத் தொடங்கும்போது ‘இணைப்பான்’ அவற்றைத் தேடிக் கொண்டுவந்து சேர்க்கும். சேர்ந்தபின், புரோகிராம் செய்யக்கூடிய எதையும் நூலகமும் செய்யலாம். முன்பின் தெரியாதவர் தந்த கோப்பை அந்த இடத்தில் வைக்கலாமா?

மானி காட்டும் அளவைப் பாதி படித்துக் குறிப்பவர் உண்டோ? பிழைச் செய்தியை மட்டும் ஏன் பாதியில் விடுகிறோம்? அதில் கோப்பின் பெயரும் எண்ணும் இருக்கின்றன. ‘எல்டிடி’ என்ற கட்டளை, எந்த நூலகம் எங்கே கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று பட்டியலே தரும். (நம்பகமற்ற புரோகிராமில் இதைச் செலுத்தாதீர்கள், சில சமயம் அந்தப் புரோகிராமே ஓடிவிடும்.) கோப்பு வேறு டைரக்டரியில் இருந்தால், அந்த டைரக்டரியை இணைப்பானின் பட்டியலில் சேர்த்து ‘எல்டிகான்ஃபிக்’ கட்டளையைக் கொடுத்தால் போதும்.

எங்களிடம் இருந்ததோ எண் 5. “பெயரை 3 என்று மாற்றினால்?” என்றார் இன்னொருவர். கெட்டிக்காரத்தனம்தான்! ஆனால் 2018-இல் வந்த ஜிசிசி 8 தொகுப்பானில், அணிகளின் விவரங்களை நினைவகத்தில் அடுக்கும் முறையே மாறிவிட்டது. பழைய அடுக்கைப் புதிய நூலகம் தவறாகப் படிக்கும். நல்லவேளையாக, நூலகத்தின் உள்ளேயும் பதிப்புக் குறி உண்டு. பெயரை மாற்றினாலும் இணைப்பான் மறுத்துவிடும்.

மூல நிரல் கைவசம் இருந்தது. புதிய தொகுப்பானில் மீண்டும் தொகுத்தோம், ஓடியது. அது இல்லாதிருந்தால், நாங்கள் நிறுவிய லினக்ஸை வெளியிட்டவர்களின் களஞ்சியத்தில்தான் பழைய நூலகத்தைத் தேடியிருப்பேன்.