ஸ்கேன் படம் யாருக்குச் சொந்தம்? விடை சொல்லாத சட்டம்

புது தில்லி: 2022 நவம்பர் 23-ஆம் தேதி காலை தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடங்கின. புறநோயாளிகள் பதிவு, கட்டண வசூல், ஆய்வக முடிவுகள் என அனைத்தும் ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குக் காகிதத்திலும் பேனாவிலும் நடைபெற்றன. நாட்டின் முதன்மையான மருத்துவமனைக்கு நேர்ந்த இந்தக் கதி, அடுத்த சில நாள்களில் தொடங்கிய நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரிலும் எதிரொலித்தது.

மக்களவையில் பதிலளித்த சுகாதார இணையமைச்சர் பாரதி பவார், ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டதாகவும், காப்பு சர்வரில் இருந்து தகவல்கள் முழுமையாக மீட்கப்பட்டுவிட்டதாகவும் தெரிவித்தார். பிணைத்தொகையாகக் குறிப்பிட்ட தொகை எதுவும் கேட்கப்படவில்லை என்றும் அவர் கூறினார். முடக்கப்பட்ட தகவல்களின் அளவு சுமார் 1.3 டெராபைட் என்றும், மருத்துவமனையின் கணினி வலையமைப்பு உரிய முறையில் பிரித்து அமைக்கப்படாததே ஊடுருவலுக்கு வழிவகுத்தது என்றும் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் மாநிலங்களவையில் விளக்கம் அளித்தது.

இந்தப் பதில்கள் அனைத்தும் மருத்துவமனையைப் பற்றியவை. நோயாளி எங்கே? இணையவழித் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஏப்ரலில் உத்தரவு பிறப்பிக்கப்பட்டிருந்தது. ஆனால், யாருடைய ரத்தப் பரிசோதனையும் நோய்க்குறிப்பும் அந்த சர்வரில் இருந்தனவோ, அவருக்கு ஒரு வரி எழுதித் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த உத்தரவில் இல்லை.

நமது நாட்டில் மருத்துவ ஆவணங்களின் நிலை விசித்திரமானது. தன்னுடைய ஸ்கேன் படத்தைக் கேட்கும் நோயாளிக்கு ஆயிரம் தடை. அதே படத்தை எங்கிருந்தோ எட்டிப் பார்ப்பவருக்குப் பல நேரங்களில் தடையே இல்லை.

இது மிகையல்ல. சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படங்கள் 'டைகாம்' என்ற பொது வடிவத்தில் பதிவாகின்றன. படத்தோடு நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் ஆகியவையும் அந்தக் கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கும். இவற்றைச் சேமித்து வைக்கும் 'பாக்ஸ்' எனப்படும் சர்வர்கள் பலவும் கடவுச்சொல் கூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடப்பதாக ஜெர்மனியைச் சேர்ந்த கிரீன்போன் நெட்வொர்க்ஸ் நிறுவனம் 2019-இல் உலகளாவிய ஆய்வொன்றை வெளியிட்டது. 2020 பிப்ரவரியில் வெளியான அதன் அடுத்த அறிக்கையின்படி, இந்திய நோயாளிகளின் 12 கோடிக்கும் மேற்பட்ட படங்கள் அவ்வாறு திறந்து கிடந்தன. மகாராஷ்டிரம் முதலிடத்திலும் கர்நாடகம் அடுத்த இடத்திலும் இருந்தன. எவரும் பூட்டை உடைக்கவில்லை. பூட்டே போடப்படவில்லை என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம்.

அதன் பிறகும் நிலைமை மாறியதாகச் சொல்ல முடியாது. 2023 ஜூனில் கோவின் இணையதளத்தில் தடுப்பூசிக்காகப் பதிவு செய்தவர்களின் விவரங்கள் டெலிகிராம் செயலியில் கிடைப்பதாகச் செய்தி வெளியானது. தளம் பாதுகாப்பாகவே உள்ளது என்று சுகாதார அமைச்சகம் மறுத்தது. 2024-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் அதே டெலிகிராமில் வெளியாயின. காப்பீட்டுத் தொகை கோரி மக்கள் அளித்த மருத்துவப் பரிசோதனை ஆவணங்களும் அவற்றில் அடக்கம். நிறுவனம் நீதிமன்றத்தை நாடித் தடை உத்தரவு பெற்றது. ஆனால், ஒருமுறை வெளியேறிய தகவலைத் திரும்ப அழைக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. வங்கிக் கணக்கு எண் கசிந்தால் மாற்றிக் கொள்ளலாம். மூளையில் உள்ள கட்டியின் படம் கசிந்தால் எதை மாற்றிக் கொள்வது?

72 மணி நேர விதி: இனி மறுபக்கத்துக்கு வருவோம். தனது ஆவணத்தைப் பெறும் உரிமை நோயாளிக்கு இல்லையா என்றால், காகிதத்தில் நிச்சயம் உண்டு. ரகசியம் என்ற காரணத்தைக் காட்டி நோயாளிக்கே ஆவணங்களை மறுக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. மருத்துவர்களின் தொழில் நெறி குறித்த இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள், நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களை வழங்க வேண்டும் என்கின்றன. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனமும் இதை வலியுறுத்துகிறது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2016-ஆம் ஆண்டு மின்னணு மருத்துவ ஆவணத் தர நெறிகள் இன்னும் ஒருபடி மேலே சென்று, ஆவணத்தில் உள்ள தகவல் நோயாளிக்கே சொந்தம், மருத்துவமனை அதன் காப்பாளர் மட்டுமே என்று கூறுகின்றன.

இவற்றில் எதை மீறினால் மருத்துவமனை நிர்வாகத்துக்கு என்ன தண்டனை? 2002 விதிகள் மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும். பெருநிறுவன மருத்துவமனையின் ஆவண அறையையோ, ஸ்கேன் மையத்தின் முதலாளியையோ அல்ல. சாசனம் என்பது மாநிலங்களுக்கு விடுக்கப்பட்ட வேண்டுகோள். தர நெறிகளோ பரிந்துரை. நுகர்வோர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்பார்கள். அனைவருக்கும் இலவச சிகிச்சை அளிக்கும் மருத்துவமனை அச்சட்டத்தின் வரம்புக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் அளித்த தீர்ப்பால், அரசு மருத்துவமனையை நம்பியிருக்கும் ஏழைக்கு அந்தக் கதவும் பெரும்பாலும் மூடியே இருக்கிறது.

மேலும் 'ஆவணம்' என்பதற்கு நடைமுறையில் பொருள் வேறு. கதிரியக்க நிபுணர் எழுதிய இரண்டு பக்க அறிக்கை கிடைத்துவிடும். ஆனால், அடுத்த மருத்துவருக்குத் தேவைப்படுவது படம். ஒரு சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். அவற்றில் சிலவற்றை மட்டும் பொறுக்கி பிலிமில் அச்சிட்டுத் தருவதே வழக்கம். முழுத் தொகுப்பும் வேண்டுமானால் குறுந்தகட்டுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். பிலிம் தட்டுப்பாடு என்று கூறி, திரையில் தெரிவதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொள்ளுமாறு அரசு மருத்துவமனைகளில் சொல்லப்படுவதும் உண்டு.

மருத்துவமனைகள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பல ஆண்டுகளின் படங்களைச் சேமித்து வைப்பது செலவு பிடிக்கும் காரியம். கொடுத்த ஆவணமே நாளை வழக்கில் சாட்சியாக வந்து நிற்கும் என்ற அச்சமும் அவர்களுக்கு உண்டு. முன்னதற்கு வழி காணலாம். பின்னதை ஒரு காரணமாகவே ஏற்பதற்கில்லை.

தில்லி எய்ம்ஸ் வாசலில் பெரிய பழுப்பு உறைகளை நெஞ்சோடு அணைத்தபடி பிகார், உத்தரப் பிரதேச மக்கள் நிற்பதை எந்த நாளிலும் காணலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்தில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் ரயிலேறி வருபவர்களின் கையிலும் அதே உறைதான். உறைக்குள் முழுப் படம் இல்லையென்றால் மீண்டும் ஸ்கேன். மீண்டும் பல ஆயிரம் ரூபாய். சி.டி. ஸ்கேன் என்றால் மீண்டும் ஒருமுறை கதிர்வீச்சு. முறையான வழி அடைபட்டிருப்பதால் படங்கள் வாட்ஸ்ஆப்பில் உறவினர், இடைத்தரகர், மருத்துவரின் உதவியாளர் எனப் பல கைகளைக் கடந்து செல்கின்றன. ஆவணத்தைக் கொடுத்தால் பாதுகாப்பு குறையும் என்று வாதிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். கொடுக்க மறுப்பதும் கசிவுக்கு ஒரு காரணம்.

ஐந்தாண்டு உழைப்பில் உதிர்ந்தவை: இந்த இரண்டு பிரச்னைகளுக்கும் ஒரே சட்டத்தில் தீர்வு காணும் வாய்ப்பு நாடாளுமன்றத்துக்குக் கிடைத்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது. 2018 மார்ச்சில் மருத்துவத் தகவல்களுக்கென்றே 'திஷா' என்ற தனிச் சட்ட வரைவை சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. பொதுவான தகவல் பாதுகாப்புச் சட்டம் வரவிருப்பதைக் காரணம் காட்டி அது கிடப்பில் போடப்பட்டது.

வந்தது 2019 டிசம்பர் மசோதா. உடல்நலத் தகவலை அது 'உணர்திறன் மிக்க' தகவலாகத் தனியே வகைப்படுத்தியது. தன்னைப் பற்றிய தகவலைக் கணினியில் பயன்படுத்தத்தக்க வடிவில் பெற்று வேறொரு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையையும் அளித்தது. ஸ்கேன் படத்தைப் பொருத்தவரை நோயாளி கேட்பதே இதுதான். கூட்டுக் குழு இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து 2021 டிசம்பரில் அறிக்கை தாக்கல் செய்தது. 2022 ஆகஸ்டில் அரசு அந்த மசோதாவையே திரும்பப் பெற்றுக் கொண்டது.

அதற்குப் பதிலாக வந்த டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்பு மசோதா, 2023 ஆகஸ்ட் 7-ஆம் தேதி மக்களவையிலும் 9-ஆம் தேதி மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சிகளின் அமளி ஒருபுறம், வெளிநடப்பு மறுபுறம். கூட்டுக் குழு இரண்டு ஆண்டுகள் வரி வரியாகப் படித்த பொருள், அவைகளில் சொற்ப நேரத்தில் முடிந்தது. இதில் ஆளுங்கட்சிக்கு மட்டுமல்ல, எதிர்க்கட்சிகளுக்கும் பங்கு உண்டு.

புதிய சட்டத்தில் உடல்நலத் தகவலுக்குத் தனி வகை இல்லை. எடுத்துச் செல்லும் உரிமையும் இல்லை. பிரிவு 11 தகவல் பெறும் உரிமையைத் தருகிறது; ஆனால், பெறக் கூடியது தகவலின் 'சுருக்கம்' மட்டுமே. ஸ்கேன் படத்துக்குச் சுருக்கம் ஏது? அந்த உரிமையும் தன் ஒப்புதலின்பேரில் தகவல் தந்தவருக்கே என்கிறது சட்டம். சாலை விபத்தில் நினைவிழந்து கொண்டு வரப்பட்டவருக்கு அவசர சிகிச்சையில், ஒப்புதல் கேட்காமலேயே தலையில் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. சட்டம் அதை அனுமதிக்கிறது, சரியே. ஆனால், பிழைத்து எழுந்த பின்னர் அந்த ஸ்கேன் குறித்த சுருக்கத்தைக் கூட அவர் இந்தப் பிரிவின்கீழ் கோர முடியுமா என்பது, சட்டத்தின் சொற்களை அப்படியே படித்தால், ஐயத்துக்குரியது.

நல்ல அம்சமும் உண்டு. தகவல் கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு மட்டுமின்றி, பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவித்தாக வேண்டும். 2022-இல் எய்ம்ஸ் நோயாளிகளுக்கு இல்லாத பாதுகாப்பு இது. போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம்.

அந்தப் பணம் எங்கே செல்லும்? இந்தியத் தொகுப்பு நிதிக்கு. படம் கசிந்த நோயாளிக்கு ஒரு ரூபாயும் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு, அஜாக்கிரதையால் தகவலைக் கசியவிட்ட நிறுவனத்திடம் இருந்து பாதிக்கப்பட்டவர் இழப்பீடு பெற வழி செய்தது. மருத்துவ ஆவணங்களும் அதன் விதிகளில் இடம்பெற்றிருந்தன. அந்தப் பிரிவை நீக்கவும் 2023 சட்டம் வகை செய்கிறது. போதாக்குறைக்கு, பொய்யான அல்லது அற்பமான புகார் அளித்தால் புகார்தாரருக்கே ரூ.10,000 வரை அபராதம் விதிக்கவும் இடம் உண்டு.

சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கையாயின. முக்கியக் கடமைகள் அன்றிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பது அதில் உள்ள ஏற்பாடு. குறைகளைத் தீர்க்க நிறுவனங்களுக்கு 90 நாள்கள் வரை அவகாசம். புற்றுநோயாளிக்கு 90 நாள் என்பது என்ன என்று மருத்துவர்களைக் கேட்டால் தெரியும்.

இதற்கிடையே, ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 70 கோடிக்கும் அதிகமானோருக்கு 14 இலக்க 'ஆபா' எண் வழங்கப்பட்டிருப்பதை மத்திய அரசு சாதனையாக முன்வைக்கிறது. எண் வைத்திருப்பது வேறு, அந்த எண்ணைக் கொண்டு தன் ஸ்கேன் படத்தைத் திறந்து பார்க்க முடிவது வேறு. ஆவணங்களை இணைப்பதும் இந்தத் திட்டத்தில் சட்டப்படியான கட்டாயம் அல்ல. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டு வந்த புதிய நெறிமுறைகள் மூன்று ஆண்டுகளில் ஆவணங்களை முழுமையாகக் கணினிமயமாக்க வேண்டும் என்றன. கூடவே 72 மணி நேரத்தை ஐந்து வேலை நாள்களாக நீட்டின. வேறு காரணங்களுக்காக மருத்துவர்கள் எதிர்த்ததால் அதே மாதத்தில் அவை நிறுத்தி வைக்கப்பட்டு, 2002 விதிகள் மீண்டும் உயிர்பெற்றன.

பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் மத்திய அரசு இதில் ஓரளவுக்கு மேல் தலையிட முடியாது என்று அதிகாரிகள் கூறக் கூடும். தகவல் பாதுகாப்புச் சட்டம் மத்திய சட்டம்தான். அதன் 11-ஆவது பிரிவிலேயே, சுருக்கத்துக்கு மேல் வேறு என்னென்ன தகவல் வழங்கப்பட வேண்டும் என்பதை விதிகள் மூலம் நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய அரசுக்குத் தரப்பட்டுள்ளது. மருத்துவப் படங்களின் முழு நகலும் அதில் அடங்கும் என்று விதி வகுக்க முடியுமா என்பதை மின்னணு அமைச்சகம் சட்ட அமைச்சகத்திடம் கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால் சிறு திருத்த மசோதா போதும். இழப்பீட்டுக்கோ சட்டத் திருத்தம் தவிர வேறு வழியில்லை.

இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்படும் எந்த விதியும் இரு அவைகளிலும் 30 நாள்கள் வைக்கப்பட வேண்டும். அந்த அவகாசத்தில் அவற்றில் மாற்றம் கோரி எந்த உறுப்பினரும் தீர்மானம் கொண்டு வரலாம். அவை மேஜையில் வைக்கப்படும் காகிதக் கட்டுகளை உறுப்பினர்கள் புரட்டிப் பார்ப்பது அபூர்வம் என்பதை செய்தியாளர் மாடத்தில் அமர்ந்திருப்பவர்கள் அறிவார்கள். அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த கட்சித் தலைமையின் அனுமதியோ பெரும்பான்மை பலமோ தேவையில்லை. ஓர் உறுப்பினரின் கையெழுத்திட்ட நோட்டீஸ் போதுமானது.