ஆட்டம் காலாங்கில், சாப்பாடு கேலாங்கில். நண்பர் மட்டும் கடைசி ரயிலில்

2025 அக்டோபர் 9, வியாழக்கிழமை இரவு. ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் தேசிய விளையாட்டரங்கில் மோதின. நாங்கள் நால்வர் போயிருந்தோம். இருவர் இங்கேயே பிறந்து தேசிய சேவை முடித்தவர்கள். ஒருவர் ஜோகூரிலிருந்து தினமும் வேலைக்கு வந்து போகிறவர். நான்காமவர் தஞ்சாவூர்க்காரர், துவாஸில் வேலை, தங்குவதும் அங்கே விடுதியில்தான். யாருக்குக் கைதட்டுவது என்ற வாக்குவாதம் காலாங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கும்போதே தொடங்கிவிட்டது.

முற்பாதி முடியும் தறுவாயில் இக்சான் ஃபாண்டி கோல் போட்டபோது மூவர் எழுந்தோம். பத்துப் பேருடன் ஆடிக்கொண்டிருந்த இந்தியாவுக்கு 90வது நிமிடத்தில் ரஹிம் அலி சமன் செய்தபோது நான்காமவர் எழுந்தார். 1-1. இதைவிடப் பொருத்தமான முடிவு எங்கள் குழுவுக்கு அமைந்திருக்காது.

ஆட்டம் முடிந்தால் கேலாங் பக்கம் நடப்பது எங்கள் பழக்கம். காலாங் நிலையத்தைத் தாண்டினால் லோராங் 1 வந்துவிடும். தவளைக் கஞ்சி, டுரியான் என்று ஒவ்வொரு லோராங்குக்கும் ஒரு வாசனை. நாங்கள் புரோட்டாவும் தே தாரிக்கும் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். தஞ்சாவூர் நண்பர் உட்காரவில்லை. தீவின் அந்தக் கோடிக்குப் போக ரயிலைப் பிடிக்க வேண்டும். விடிந்தால் வேலையிடத்துக்கு லாரி வந்துவிடும். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவதுதான் பாதிச் சுகம். அந்தப் பாதி அவருக்குக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி மனத்தில் இருக்கிறது. காலாங்கில் இருக்கைகளுக்குக் குறைவில்லை. அவை யாருடைய நேரத்துக்கும் யாருடைய பைக்கும் ஏற்றவை?

பழைய தேசிய விளையாட்டரங்கம் 1973ல் திறக்கப்பட்டது. மலேசியக் கிண்ண ஆட்டங்களின்போது எழுந்த ‘காலாங் முழக்கம்’ பற்றி இன்றும் பெரியவர்கள் பேசுகிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்தவர்களின் குரல் அது. 1993ல் புருணைக்கு எதிராக வி. சுந்தரமூர்த்தி அந்தரத்தில் கத்தரிக்கோல் போட்டதுபோல் உதைத்த கோலை, அங்கே இல்லாதவர்களும் இருந்ததாகவே சொல்வார்கள். (என் மாமாவும் அப்படித்தான். கணக்குப் பார்த்தால் அன்று அவர் சவூதியில் இருந்தார்.)

அந்த அரங்கம் 2007ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. அதே இடத்தில் 2014ல் விளையாட்டு நடுவம் வந்தது: 55,000 இருக்கைகள், திறந்து மூடும் கூரை. தனியார் கூட்டமைப்பு ஒன்று 25 ஆண்டுகள் நடத்துவதாகத்தான் ஒப்பந்தம். ஆனால் 2022 டிசம்பரில் அரசாங்கமே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பொதுமக்களுக்கு அதிகம் பயன்பட வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பள்ளி மாணவர்களின் திடல்தடப் போட்டிகள் அங்கே நடந்ததைப் பார்த்தபோது அது வெறும் பேச்சில்லை என்று தெரிந்தது.

இசை நிகழ்ச்சிகளின் கணக்கு வேறு. 2024 மார்ச்சில் டெய்லர் சுவிஃப்ட் ஆறு இரவுகள் பாடினார்; மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தனர். ஆகக் குறைந்த நுழைவுச்சீட்டு 108 வெள்ளி. ஹோட்டல்களும் உணவகங்களும் நிரம்பின. நாட்டுக்கு லாபம், அதில் சண்டையில்லை. ஆனால் மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு 108 வெள்ளி என்பது பொழுதுபோக்கு அல்ல. வீவக வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பத்துக்கும் அப்படித்தான்: ஐந்து பேர் போனால் 540 வெள்ளி, சாப்பாடு தனி.

நம் தமிழ் இசை நிகழ்ச்சிகளுக்கும் இது பொருந்தும். சென்னையிலிருந்து பெரிய இசையமைப்பாளர் வந்தால் பக்கத்திலுள்ள உள்ளரங்கை நிரப்பிவிடுகிறோம். அதில் ஏறத்தாழ 12,000 பேர் அமரலாம். அதற்குப் பதிலாகக் குறைந்தது 18,000 பேர் அமரக்கூடிய புதிய உள்ளரங்கு கட்டப்படும் என 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. கூடுதலாக 6,000 இருக்கைகள். இருக்கை கூடினால் விலை குறையும் என்று நினைப்போம். ஆனால் ஏற்பாட்டாளர் பெரிய அரங்கின் வாடகையையும் கலைஞரின் சம்பளத்தையும் சேர்த்து எடுக்கப் பார்ப்பார். முன்வரிசை இன்னும் ஏறும். மேல் அடுக்கில் ஒரு பகுதியை நிலையான குறைந்த விலைக்கு ஒதுக்க வேண்டும் என்று அரங்கின் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதினால்தான் உண்டு. கட்டி முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

விலையைவிட நாள்தான் பெரிய தடை. இந்தத் தகுதிச்சுற்றில் சிங்கப்பூரின் ஆறு ஆட்டங்களின் தேதிகளைப் பாருங்கள்: ஐந்து செவ்வாய், ஒரு வியாழன். அனைத்துலக அட்டவணையை நம்மால் மாற்ற முடியாது. உள்ளூர் லீக்கையும் நட்புமுறை ஆட்டங்களையும் ஞாயிறு பிற்பகலுக்குக் கொண்டுவரலாம். ஜாலான் புசார் அரங்கம் 6,000 பேருக்கானது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடலாம். ஓய்வு நாளில் ஆயிரக்கணக்கானோர் சிராங்கூன் சாலையோரப் புல்தரையில் உட்கார்ந்திருக்க, அருகில் இப்படியோர் அரங்கம் இருக்கிறது.

லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் 2015 முதல் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. விதி இருக்கட்டும். ஆனால் ஊழியர்கள் கூடும் இடங்களில் எதைச் செய்யக்கூடாது என்பதற்குப் பலகைகள் இருக்கின்றன. எதைச் செய்யலாம் என்பதற்கு அதிகம் இல்லை. பொழுதுபோக்கு நிலையங்களில் திரை கட்டி ஆட்டம் காட்டுகிறார்கள், நல்லதுதான். ஆனால் அங்கே அவர்கள் தங்களுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். காலாங்கில் அன்று எங்கள் வரிசையில் சிவப்புச் சட்டையும் நீலச் சட்டையும் ஒரே கச்சான் பொட்டலத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தன.

அடுத்த வாரம் கோவாவில் சோங் உய் யோங்கின் இரண்டு கோல்களில் சிங்கப்பூர் 2-1 என வென்றது. நவம்பர் 18ல் ஹாங்காங்கிலும் 2-1. உபசரணை நாடு என்ற சலுகையில் 1984ல் ஆடிய ஆசியக் கிண்ணத்துக்கு, முதன்முறையாகச் சொந்தத் திறமையில் தகுதி பெற்றோம். அன்று இரவு தஞ்சாவூர் நண்பருக்கு நான் செய்தி அனுப்புவதற்குள் அவருடைய வாழ்த்து வந்துவிட்டது. கூடவே ஒரு கேள்வி: “ஞாயித்துக்கிழமை மேட்ச் எதுவும் இருக்கா அண்ணே?”